மயில் இல்லை என்று சொன்ன மிஷின்

நான் ஆறாவது வரைக்கும் படித்தவன். அதையும் முழுசாக முடிக்கவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் கரையோரம் பிறந்தேன். ரிச்சி தெருவில் டிவி பெட்டி சுமந்தேன், சாலிடரிங் புகையைக் குடித்தே தொழில் கற்றேன். இன்றைக்கு தி.நகரில் சொந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாண்டி பஜாரைச் சுற்றியுள்ள சந்துகளில் கல்யாண ஜாக்கெட்டுக்குப் பூவேலை போடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின்கள் ஓடுகின்றனவே, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மூளை என் கடையில் செய்தது. மிஷினை வெளிநாட்டுக்காரன் செய்கிறான். அதற்கு நம் மாங்காயும் மயிலும் போடச் சொல்லிக்கொடுப்பது இந்தப் பஞ்சாட்சரத்தின் சர்க்யூட் போர்டு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. அந்தப் போர்டுக்குள் ஓடும் புரோகிராமை எழுதிய சாய்நாத்தைப் பற்றி.

சாய்நாத் மயிலாப்பூர்க்காரர். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டு மாடியில் குடியிருக்கிறார். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவரை, ஐம்பதைத் தாண்டியதும் கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு யாரோ சொல்லி என் கடைக்கு வந்தார். வந்த அன்றைக்கே என்னைப் பார்த்துக் கேட்டார், "நீங்க என்ன படிச்சிருக்கேள்?"

வேலை கேட்டு வந்தவர் முதலாளியைக் கேட்கிறார்!

"ஆறாங்கிளாஸ்."

"அப்போ நான் சொல்றது உங்களுக்குப் புரியாதே சார்."

"சொல்லிப் பாரு ஐயரே. புரியலைன்னா காபி குடிச்சிட்டுப் போய்க்கினே இரு."

அன்றைக்கு எங்கள் போர்டுக்கு இருந்த வியாதி இது. மிஷினில் உட்காரும் ஆள் 'மயில்' என்று தட்டினால் மயிலுக்கு உண்டான தையல் ஓட வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் டிசைனுக்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வார். அந்தப் பெயர்களைப் போட்டு வைக்கும் இடத்துக்கு சிம்பல் டேபிள் என்று சொல்வார்கள். எங்கள் போர்டு அதை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தேடும். பெயர் சேரச் சேர மிஷின் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசனையில் நிற்கும்.

சாய்நாத் சொன்னார், "தலைலேர்ந்து வால் வரைக்கும் தேடிண்டிருந்தா கல்யாணமே முடிஞ்சுடும். ஹாஷ் போடணும். பேரோட எழுத்தையெல்லாம் வெச்சு ஒரு கணக்குப் போட்டா ஒரு நம்பர் வரும். வரிசையா அறை இருக்குன்னு வெச்சுக்கோங்கோ. அந்த நம்பர் அறைக்கு நேராப் போயிடலாம்."

"ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரும். அப்போ ரெண்டாவது ஆளை அடுத்த காலி அறைல வெக்கணும். தேடறச்சேயும் அப்படித்தான். இந்த அறைல வேற ஆள் இருந்தா அடுத்தது, அதுலயும் வேற ஆள்னா அதுக்கும் அடுத்தது. காலி அறை வந்துடுத்துன்னா நின்னுடணும். அந்தப் பேர் இல்லவே இல்லைன்னு அர்த்தம்."

"நடுவுல ஒருத்தன் காலி பண்ணிக்கினு போய்ட்டா இன்னா பண்ணுவ?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் அதோடு விடவில்லை. கூவக்கரையில் எங்கள் குடிசை வரிசையில் நடுவில் கொஞ்சத்தைப் பிரித்து அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைக் கணக்கெடுக்க வந்த ஆள் வரிசையாக வந்தான். வெறுந்தரை வந்ததும் அத்தோடு முடிந்தது என்று திரும்பிவிட்டான்.

"எங்க அத்தை வேலம்மா அந்தாண்ட சோறு ஆக்கிக்கினு குந்திக்கினு இருந்தா. அவ கணக்குலயே வரல. அந்த மாரி ஆவாதா?"

"அதேதான் சார்." சாய்நாத்தின் குரல் மாறியது. "அதுக்குத்தான் காலி பண்ணின அறைல ஒரு அடையாளம் வெக்கணும். இங்கே ஒருத்தர் இருந்தார், போயிட்டார், நீ மேலே தேடுன்னு. டூம்ஸ்டோன்னு பேர் அதுக்கு."

"அப்டின்னா?"

"கல்லறைக் கல்லு."

"வெள்ளிக்கிழமை அதுவுமா நல்ல பேச்சு பேசுற போ" என்றேன். அங்கேயே வேலை கொடுத்துவிட்டேன். ஆளை எடைபோட எனக்கு சர்டிபிகேட் வேண்டியதில்லை.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் எழுதற ஃபைல்ல மேலே என் பேர் இருக்கும். அதுல யார் கை வெச்சாலும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் வெக்கணும். தரமணில என் பேர் போட்ட ஃபைல்ல யார் யாரோ கை வெச்சா. புரோகிராம் ஒடஞ்சப்போ மேலே இருந்த பேரைத்தான் படிச்சா. இன்னொரு தரம் அப்படி ஆச்சுன்னா இந்த வயசுல நேக்கு எவனும் வேலை கொடுக்க மாட்டான் சார்."

ரிச்சி தெருவில் நாங்கள் காகிதத்தில் வியாபாரம் செய்தவர்கள் இல்லை. லாரி லோடு சரக்கு வாய்ச்சொல்லில் கை மாறும். "பஞ்சாட்சரம் சொல்லிட்டான்னா சொன்னதுதான். உன்னைக் கேக்காம ஒருத்தனும் தொட மாட்டான்" என்றேன். இந்த ஊரில் என் வாக்கு பொய்த்ததாகச் சொல்ல அதுவரைக்கும் ஆள் கிடையாது.

சாய்நாத் சுலபமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் யாரோடும் சேர்ந்து சாப்பிட மாட்டார். தயிர் சாதத்தைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்கு உட்காருவார். கேள்வி கேட்டால், "இது கூடவா தெரியாது?" என்பதுதான் முதல் பதில். என் மகன் செம்பியன் இன்ஜினியரிங் முடித்து, அதற்கு மேல் நிர்வாகப் படிப்பும் படித்து, கடைக்கு வந்து உட்கார்ந்த புதிதில் கேட்டான், "இப்ப போய் யாரு சார் சி லாங்வேஜ்ல எழுதுறாங்க?"

"உங்க போர்டுல இருக்கற மெமரிக்கு வேற எதை ஏத்தினாலும் மூச்சு முட்டிடும் தம்பி. சி-ல, கேட்டு வாங்கிண்ட இடத்தை நாமளே ஒழுங்காத் திருப்பிக் கொடுக்கணும். அப்பா சம்பாதிச்சதுல உக்காண்டிருக்கறவாளுக்கு அது கொஞ்சம் கஷ்டம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். செம்பியன் சிரிக்கவில்லை.

புரோகிராம் பிரமாதமாக ஓடியது. பெயரைத் தட்டினால் ஊசி இறங்கும். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கடைக்காரர்கள் டிசைனை அழிப்பார்கள், புதுசு போடுவார்கள், மறுபடி அழிப்பார்கள். கல்லறைக் கல் சேர்ந்துகொண்டே போனால் தேடுவது மெதுவாகும். அதனால் தினமும் காலையில் மிஷினைப் போட்டதும் புரோகிராம் எல்லாப் பெயரையும் வெளியே எடுத்து, கல்லையெல்லாம் களைந்து, மறுபடி முறையாக அடுக்கி வைக்கும்படி சாய்நாத் செய்திருந்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

உஸ்மான் ரோட்டில் பெரிய கடை வைத்திருக்கும் ஜவஹர், எம்பிராய்டரிக் கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை இழுத்தார். "பஞ்சாட்சரம், காலைல உன் மிஷினுக்குக் கற்பூரம் காட்டுறேன்யா. கற்பூரம் அணைஞ்சி போச்சு. உன் சாமி இன்னும் கண்ணைத் தொறக்கல!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பக்கத்தில் இருந்த செம்பியனின் காது சிவந்துவிட்டது.

ஆடி மாதத்தில் செம்பியன் எல்லாக் கடை மிஷினையும் புதுப்பித்தான். பொத்தானைத் தட்டியதும் மிஷின் விழித்தது. எப்படி என்று கேட்டதற்கு, "புது சிப்பு போட்டுக்கீறேன் நைனா" என்றான். சாய்நாத்திடமும் அதையேதான் சொன்னான். சிப் மாறினால் வேகம் கூடும், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஜவஹர் சங்கத்தில் வைத்து என் மகனுக்குச் சால்வை போட்டார். பெற்றவனுக்கு நெஞ்சு நிறையாதா? நிறைந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிலில் அதற்கு முந்தின நாள் கடையைத் துடைத்து எடுப்பார்கள். நூல் குப்பை, பழைய அட்டை, உடைந்த ஊசி எல்லாம் வெளியே போகும். நாலைந்து வருஷமாக ஒரு புது வழக்கமும் சேர்ந்திருந்தது. மிஷினின் வயிற்றையும் சுத்தம் செய்கிறோம் என்று, பழைய டிசைன்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பார்கள். பழசோடு பூஜை போடக் கூடாதாம். பாண்டி பஜார் சந்தில் எங்கள் போர்டு போட்ட மிஷின் வைத்திருக்கும் அன்வரி பேகத்தின் கடையிலும் இது உண்டு. அந்தம்மா வியாழக்கிழமை தர்காவுக்குப் போகிறவர். ஆனால் கடைப் பெண்கள் ஆசைப்படுகிறார்கள் என்று அவரே பொரியும் கடலையும் வாங்கிக் கொடுத்து, மிஷினுக்குச் சந்தனம் வைக்கச் சொல்வார். பூஜையன்று மிஷினைத் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் ஓட்டுவார்கள்.

விஜயதசமி காலையில் என் போன் விடாமல் அடித்தது. எல்லோருக்கும் ஒரே புகார்தான். மிஷின், இருக்கிற டிசைனை இல்லை என்கிறது.

நான், சாய்நாத், செம்பியன் மூவரும் முதலில் அன்வரி பேகத்தின் கடைக்குப் போனோம். உள்ளே ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார் பட்டுத் துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மிஷின் நெற்றியில் முந்தின நாள் குங்குமம் அழியாமல் இருந்தது.

"இன்னா அண்ணே இது அநியாயம்? மயில் இல்லைங்குது, அன்னம் இல்லைங்குது. நான் தொடைச்சது போன வருஷத்துக் குப்பையை மட்டும்தான். அல்லா மேல ஆணையா மயில் மேல கை வெக்கல!"

எங்களுக்கு முன்பே ஜவஹர் அங்கே வந்து நின்றிருந்தார், கூடவே இன்னும் சில கடைக்காரர்கள். "ஐயரு எழுதினதுதானே? தரமணில தொரத்தி வுட்ட ஆளை இட்டாந்து வெச்சிக்கினா இப்டித்தான் ஆவும். எங்க சீசனே போச்சு."

சாய்நாத் தலையைக் குனிந்துகொண்டார். "எழுதினது நான்தான். தப்பு இருந்தா என்னோடதுதான். பார்க்கறேன்." நாற்காலி கூடக் கேட்கவில்லை. நூல் கண்டுகள் அடுக்கிய மேஜை மேல் லேப்டாப்பை வைத்து, மிஷினில் ஏற்றியிருந்த புரோகிராமின் ஃபைலைத் திறந்து நின்றபடியே படித்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜவஹர் விடவில்லை. "நல்லாத் தேடு சாமி. மயிலு கபாலி கோயிலாண்ட போய்க்கினு இருக்கப் போவுது."

படித்துக்கொண்டே வந்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. மேலே போனார். தன் பெயர் இருக்கும் வரியைப் பார்த்தார். திரும்பக் கீழே வந்தார்.

"மயில் உள்ளேதான் இருக்கு" என்றார் மெதுவாக. "எங்கேயும் போகலை. அதுக்கு முன்னாடி இருந்த பழசை அழிச்சிருக்கேள். அழிச்ச அறைல அடையாளம் வெக்கற வரியைக் காணோம். காலையில அடுக்கி வெக்கறதையும் காணோம். தேடிண்டு போறது காலி அறையைப் பார்த்துட்டு, இல்லைன்னு திரும்பிடறது. எப்பவோ ஒண்ணு ரெண்டு அழிச்சப்போ வெளியே தெரியலை, இப்போ எல்லாரும் மொத்தமா அழிச்சிருக்கேள்."

"யாரு அந்த வரிய எடுத்தாங்க?" என்று அன்வரி பேகம் கேட்டார்.

சாய்நாத் திரும்பினார். என்னை மட்டும் பார்த்தார். செம்பியன் வாசல் ஓரமாக நின்று போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய். நீ கை வெச்சியா?"

"நைனா, இப்ப அதுவா முக்கியம்? மொதல்ல சரி பண்ணட்டும்."

"வெச்சியா இல்லியா?"

"ஸ்பீடு கேட்டாங்க. குடுத்தேன். அந்த வரி இல்லாமலும் ஓடிக்கினுதானே இருந்துச்சு."

"சிப்பு மாத்தினேன்னியே?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தி.நகரில் எந்த முதலாளியும் செய்யாததை நான் செய்தேன். கடைக்காரர்கள் அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. இது என் புள்ள பண்ண தப்பு. ஐயரைக் கேக்காம அவர் எழுத்துல கை வெச்சிட்டான். ஐயரு மேல ஒரு சொல்லு வரக் கூடாது."

ஜவஹர் என் தோளில் கையைப் போட்டார். "வேலைக்காரனைக் காப்பாத்த பெத்த புள்ளையையே முன்னாடி தள்ளுற பாரு. முதலாளின்னா நீதான்யா முதலாளி."

"இன்னாய்யா பேசுற நீ? உண்மையைத்தான்யா சொல்றேன்!"

"சரி சரி. எங்களுக்குப் புரியுது. உன் மனசு யாருக்கு வரும்?"

நான் குரலை உயர்த்த உயர்த்த, அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டினார்கள். சால்வை போட்டுப் புகழ்ந்த பையன் எப்படித் தப்புச் செய்வான்? தரமணியில் துரத்தப்பட்டவன்தானே செய்திருப்பான்? அவர்கள் மனசில் கணக்கு முடிந்துவிட்டது. செம்பியன் வாயைத் திறந்து, "ஆமாம், நான்தான்" என்று ஒரு தரம் உரக்கச் சொல்லியிருந்தால் போதும். அவன் தரையில் கிடந்த பொரியைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரை வாயாலேயே மடக்கியவன். அன்றைக்கு என் வாய் எனக்கே எதிரியாகிப் போனது.

சாய்நாத் அன்றைக்கே அந்த வரியைத் திரும்ப எழுதினார். அன்வரி பேகத்தின் மிஷினில் ஏற்றிப் பெயர்களை மறுபடி அடுக்கவும், மயில் வந்தது. கல்யாணப் பெண்ணின் தாயார் மிஷினைப் பார்த்துக் கும்பிட்டார், எழுதியவரைப் பார்க்கவில்லை. அதன் பிறகு தீபாவளிக் கூட்டத்துக்குள் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் திட்டு வாங்கினார். நான் கூடப் போகிறேன் என்றதற்கு, "வேண்டாம் சார். நீங்க வந்தா நேக்காகப் பேசுவேள். அது இன்னும் மோசம்" என்றார்.

எல்லாம் முடிந்த சாயங்காலம் என் அறைக்கு வந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ஃபைலின் தலையில் அவர் பெயர் இருந்த வரியை என் கண் முன்னால் அழித்தார்.

"இன்னா ஐயரே பண்ற?"

"இனிமே ஒடைஞ்சா படிக்கறதுக்கு அங்கே என் பேர் வேண்டாம்."

"அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே. என் வாக்கு மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்க வாக்கு நல்ல வாக்குதான் சார். உங்க ஆத்துலயே அது செல்லலையே."

அவர் அன்றோடு வேலையை விட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். செம்பியனைக் கூப்பிட்டு, சங்கத்துக்கு வந்து சொல் என்றேன். "உனக்கு நான் முக்கியமா, அந்தாள் முக்கியமா நைனா?" என்றான். அன்றிலிருந்து அவனோடு எனக்குத் தொழில் பேச்சு மட்டும்தான். என்னைப் பெரிய மனுஷன் என்று இந்த ஊரே சொல்கிறது. என் வீட்டில் ஒருவனை உண்மை சொல்ல வைக்க என்னால் முடியவில்லை.

தை மாதத்தில் சுப்புலக்ஷ்மி அம்மாள் எனக்குப் போன் செய்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. அடையாறில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சாய்நாத்துக்கு வேலை ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். பிறகு சத்தமே இல்லையாம். "அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதேங்கோ. ஒரு வார்த்தை நீங்க சொன்னா நன்னாயிருக்கும்" என்றார்.

மறுநாளே கிளம்பினேன். கம்பெனி முதலாளி பத்ரிநாராயணன் என்று ஒரு இளைஞர். என்னை எழுந்து நின்று வரவேற்றார். தி.நகர் எம்பிராய்டரிக்காரர்களிடம் விசாரித்ததாக அவரே சொன்னார். நான் நடந்ததை முதலிலிருந்து, எந்த வரி போனது, யார் எடுத்தது, எப்படி மயில் உள்ளேயே இருந்தும் இல்லை என்றது, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். என் மகனின் பெயரைச் சொல்லியே சொன்னேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். முடித்ததும், "ஜவஹர் சார் சொன்னது சரிதான். வேலையை விட்டுப் போன ஒருத்தருக்காக இவ்வளவு தூரம் வந்து, சொந்தப் பையன் மேலயே பழியைப் போடறேளே. உங்களை மாதிரி முதலாளி கிடைக்கறது அபூர்வம்" என்றார்.

"தம்பி, நான் சொன்னது நிஜம்."

"புரியறது சார்." பேனாவை எடுத்தார். "உங்க பையன் மிஷினை எல்லாம் ரொம்ப வேகமாக்கிக் கொடுத்தாராமே. அவர் நம்பர் கொஞ்சம் கிடைக்குமா?"

கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.